கூரை ஏறிய அவரை

– அங்கயே நின்னுக்கினு இன்னாத்தப் பாக்குற ராஜாமணி? கையில அருவா வேற. மாட்டுக்குப் புல்லறுக்கவா, என் கழுத்தை அறுக்கவா?

– அத்தை சொல்லி அனுப்புச்சிக்கா.

– அதான பாத்தேன். மாமியா சொல்லாம ஓரகத்தி இந்தக் கொட்டாய்ப் பக்கம் எட்டிப் பாப்பாளா? இன்னா சொல்லிச்சி, சொல்லு பாப்போம்.

– இந்த அவரைக்கொடிய அடியோட அறுத்துட்டு வரச் சொல்லிச்சி. தை பொறந்துட்ச்சில்ல, வெள்ளிக்கிழமை சுங்குவார்சத்திரத்துலேர்ந்து கங்காவைப் பொண்ணு பாக்க வராங்களாம்.

– வரட்டுமே. நாத்தனாளுக்கு நல்ல எடம் அமைஞ்சா எனக்கும் சந்தோசந்தான். வரவங்க பொண்ணைப் பாப்பாங்களா, அவரையப் பாப்பாங்களா?

– கொட்டாய்லேர்ந்து பெரிய வூட்டுக் கூரை வரைக்கும் ஏறிக்கினு கீதேக்கா. யாரு வெச்சதுன்னு கேட்டா இன்னா சொல்றதுன்னு அத்தை பயப்படுது.

– மூத்த மருமவ சுந்தராம்பா வெச்சதுன்னு சொல்லட்டும்.

– அவ எங்கன்னு கேப்பாங்க இல்ல?

– மாட்டுக்கொட்டாயில கீறான்னு சொல்லட்டும். டி.பி.ன்னு தாம்பரம் ஆஸ்பத்திரிக்குப் போனா, செத்துடுவான்னு பாத்தோம், பொழைச்சி வந்து நிக்கிறா, வாசப்படி ஏத்தாம மாட்டோட மாடா கட்டி வெச்சிக்கீறோம்னு சொல்லட்டும். பொய்யா இது?

– எனக்கின்னாக்கா தெரியும். கல்யாணம் முடியறமுட்டும் உன்னை வல்லத்துல உங்க அண்ணன் வூட்ல போய் இருக்கச் சொல்லுது.

– என்னைக் கட்டினவரு, உங்க மாமா, இன்னா சொல்றாரு?

– தலையக் குனிஞ்சிக்கினு சோத்தைப் பெசஞ்சாரு.

– பெசையட்டும். நல்லாப் பெசையட்டும். நான் போவல. கொடியும் போவாது. போய் அப்படியே சொல்லு. முந்தானைய எடுடி மொதல்ல வாயிலேர்ந்து! மூஞ்சப் பாத்துப் பேசு. என் சளிய டாக்டரு கண்ணாடியில வெச்சிப் பாத்துட்டு, பூச்சி போயிட்ச்சி, யாருக்கும் ஒட்டாதுன்னு சொல்லிட்டாரு.

– இருக்கட்டும்க்கா. இப்படியே பேசறேன்.

– இருக்கட்டுமாம்! உன் புள்ள பெரிம்மா பெரிம்மான்னு ஓடியாருவான். அவனையும் தடுத்துட்ட.

– அவன் இப்ப எங்கிட்டயே வரதில்லக்கா. அத்தை கூடத்தான் படுத்துக்கறான்.

– ஏன், பால் மறந்துட்டானா?

– மறக்கடிச்சிட்டேன். ஏங்க்கா, அந்த ஊசி ரொம்ப வலிக்குமா?

– எந்த ஊசி?

– தாம்பரத்துல உனக்குப் போட்டாங்களே.

– குத்தின எடம் கல்லாட்டம் வீங்கிக்கும். குந்த முடியாது. காதுக்குள்ள வண்டு பறக்கறாப்பல ஒரு சத்தம் வேற. இன்னாத்துக்குக் கேக்குற? கல்யாண வூட்ல சொல்லிச் சிரிக்கவா?

– சும்மாதான்க்கா. அங்க போறவங்கல்லாம் பொழைச்சிடுவாங்களா?

– சீக்கிரமாப் போனவங்க நெறைய பேரு பொழைச்சாங்க. பக்கத்துக் கட்டில்ல தாயாரம்மான்னு ஒண்ணு. ஊரு இன்னா சொல்லுமோன்னு வூட்லயே மறைச்சி வெச்சிக்கினு, முத்திப் போய் வந்திச்சி. முந்தானையில முடிஞ்சி வெச்சிருந்த அவரை வெதைய எங்கிட்டதான் குடுத்திச்சி. அது பொழைக்கல. வெதை பொழைச்சிக்கிச்சி.

– மறைச்சதாலயா போயிட்ச்சி?

– வேற இன்னா? மொதல்லயே வரக்கூடாதான்னு டாக்டரே தலையில அடிச்சிக்கினாரு.

– இங்க வந்து தனியா எப்பிடிக்கா தாங்கிக்கின?

– எங்க தாங்கினேன்? ஆடியில வந்தப்ப அரைக் குடம் தூக்கினா மூச்சு வாங்கும். மாட்டுகிட்ட எம்மா நேரம் பேசறது? குந்திக்கினே குழி நோண்டினேன். கொஞ்சம் நோண்டுவேன், படுத்துக்குவேன், திரும்ப வந்து நோண்டுவேன். எருவப் போட்டு வெதைய ஊனினேன். அது மண்ணைத் தலையில தூக்கிக்கினு மொளைச்சி வந்திச்சி பாரு, ஆஸ்பத்திரிக்குப் போனதுக்கப்புறம் அன்னிக்குத்தான்டி சிரிச்சேன். பின்ன தெனம் கண்ணு முழிச்சா, கொடி எங்க வரைக்கும் போயிருக்குன்னுதான் மொதல்ல பாப்பேன். அது ஒரு சாண் ஏறினா நான் ஒரு நடை கூட நடந்து தண்ணி ஊத்துவேன். கொடியில பேன் புடிச்சிது, சாம்பலத் தூவினேன். அதுக்கும் சீக்கு வந்து அதுவும் பொழைச்சிது. அத்தப் போய் அறுக்க வந்துட்ட.

– நானா ஆசைப்பட்டு வந்தேன்?

– வுடு. ஒண்ணு கேக்கணும் உன்னை. பெரிய வூட்டுப் பக்கம் காய்ச்சதெல்லாம் யாரோ பறிச்சிக்கினு போறாங்க. ஆடு கூரை ஏறாது. யாருன்னு தெரியுமா?

– நான்தான்க்கா.

– நீயா? பறிச்சிக் குப்பையில போட்டியா?

– கொழம்பு வெச்சேன்.

– யாருக்குடி?

– எல்லாருக்கும். சந்தையில வாங்கினதுன்னு சொல்லிட்டேன். நேத்து அத்தை ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கிக்கிச்சி. சந்தைக்காய்னா சந்தைக்காய்தான், அந்த சீக்குக்காரி காயை மனுசன் துன்னுவானான்னு சொல்லிக்கினே வழிச்சித் துன்னுச்சி.

– அடி போடி இவளே! ஐயோ, சிரிச்சி வயிறு வலிக்குதுடி. மாமியா ஒடம்பு பூரா என் அவரை! இரு, மூச்சு வாங்குது. உனக்கு எங்கேர்ந்துடி வந்திச்சி இந்தத் தைரியம்?

– மொதல்ல நான் மட்டுந்தான் துன்னேன். நாளுக்கு நாள் நீ தேறிக்கினு வந்தியா, இந்தக் காயில ஏதோ கீதுன்னு நெனைச்சேன்.

– காயில இன்னாடி கீது? ஊசியும் மாத்திரையுந்தான் தேத்துச்சி. கொடி எனக்கு எந்திரிச்சி நிக்க ஒரு வேலை குடுத்துச்சி, அம்மாந்தான். கல்லாட்டம் கீற உனக்கு எதுக்குத் தெம்பு? பாரு, இருமுற. பனியில நிக்காத, உள்ள வா. ஏய், முந்தானையில இன்னாடி செவப்பா?

– வெத்தல எச்சிக்கா.

– வெத்தல வாடையே ஆவாது உனக்கு. எப்பலேர்ந்து?

– தீவாளிக்கு முன்னாலேர்ந்து. சாயங்காலமானா காய்ச்சல். வூட்டுக்காரருக்குக்கூட சொல்லல. சொன்னா என்னையும் இங்க கொண்டாந்து கட்டிடுவாங்க.

– கட்டட்டும். கொட்டாய் காலியாத்தான் கீது. அந்த அருவாளக் குடு இங்க.

– இன்னா பண்ணப் போறக்கா?

– ஏரிக்கரையில நாலு கொம்பு வெட்டியாரப் போறேன். ரெண்டு பேரு நெழல்ல குந்தணும்னா, கொட்டாய் முன்னால கீற இந்த அவரைப் பந்தல் பத்தாது. காத்தால மொத பஸ்ஸுக்கு உன்னைத் தாம்பரம் இட்டுக்கினு போறேன். முத்த வுட்டா பாரு, உன் காலை ஒடைப்பேன். தாயாரம்மா மாதிரி நீ போவக் கூடாது.

– அத்தை கேட்டா?

– வெள்ளிக்கிழமை வரவங்களுக்கும் சந்தைக்காயையே கொழம்பு வெக்கச் சொல்லு. இன்னமும் இன்னாத்துக்குடி வாயப் பொத்திக்கினு நிக்கிற? ரெண்டு பேருக்கும் ஒரே சீக்குன்னு ஆயிட்ச்சி, அப்பவும் எங்கிட்ட பயமா?

– உனக்குப் பயந்து பொத்திக்கலக்கா. நீ பொழைச்சி வந்தவ. என்னால உனக்குத் திரும்ப ஒட்டிக்கக் கூடாதுன்னுதான்.