துப்பாக்கி விளக்கு பற்றிய நான்காவது கடிதம்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை, என்னிடம் நன்றாக இருப்பது அது ஒன்றுதான். முசிறியில் பத்தாம் வகுப்பு படித்தபோது, கடிதம் எழுதும் கேள்விக்கு வகுப்பிலேயே எனக்கு மட்டும்தான் முழு மதிப்பெண். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, இடம், தேதி. தேதியை விட்டால் அரை மதிப்பெண் போய்விடும். அந்த அரை மதிப்பெண் பயம் முப்பத்தாறு வயதிலும், ஜெர்மனியில் ஹனோவருக்கு வந்த பிறகும் என்னை விடவில்லை. அது என்னை எங்கே கொண்டுவந்து விட்டது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இதைத் தமிழில் எழுதக் காரணம் தேவமலர் அக்கா. போலீஸ் விசாரணைக்கு மொழிபெயர்ப்பாளராக வுப்பர்டாலிலிருந்து ரயிலில் வந்து போகிற இலங்கைத் தமிழர். முதல் நாள் நான் ஒன்றரை மணி நேரம் பேசினேன். அதிகாரி கொட்டாவி விட்டார். அக்கா பேனாவை வைத்துவிட்டு, "தம்பி, நீங்கள் கதைக்கிற வேகத்துக்கு எனக்கு ஏலாது. வடிவா எழுதித் தாங்கோ, நான் மாத்திக் குடுக்கிறன்" என்றார். என்னை எழுதச் சொன்ன முதல் மனிதர் அவர். மற்ற எல்லோரும் எழுதாதே என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

ஊருக்கு வெளியே ஒரு சிறிய நிறுவனத்தில் நான் சோதனைப் பொறியாளர். கைத்துப்பாக்கியின் குழலுக்கு அடியில் பொருத்தும் விளக்கைத் தயாரிக்கிறோம். ஜெர்மனியில் சாதாரண ஆட்கள் அதை வைத்திருக்கவே கூடாது. போலீஸ் போன்ற அரசுத் துறைகளுக்கு மட்டும்தான். துப்பாக்கி விளக்கை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று யாராவது என்னைக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன். யாரும் கேட்டதில்லை. ஆகவே இங்கே சுருக்கமாக எழுதுகிறேன்.

வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது எவ்வளவு வெளிச்சம் என்பதைத்தான். அது கடைசியாகக் கேட்க வேண்டியது. சின்ன அறையில், வெள்ளைச் சுவருக்கு எதிரே, அதிக வெளிச்சம் அடித்தவன் கண்ணையே கூசவைக்கும். நடுவில் விழும் கற்றையைவிடச் சுற்றிலும் பரவும் வெளிச்சம் முக்கியம். தரையைப் பார்த்து அடித்தாலே அறை முழுக்கத் தெரிய வேண்டும். அப்போதுதான் யார் என்று தெரியாத ஒருவர் மேல் குழல்வாயைத் திருப்ப வேண்டியிருக்காது. விளக்கு பார்க்கும் இடத்தையேதான் துப்பாக்கியும் பார்க்கிறது. எனவே அது டார்ச் அல்ல. எதையாவது தேட வேண்டுமென்றால் தனியாக ஒரு டார்ச் வைத்துக்கொள்ள வேண்டும். இவை எல்லாவற்றையும்விட முக்கியம், ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்பது.

எங்கள் புது மாடலில் ஸ்விட்ச் கைப்பிடியின் முன்பக்கம், நடுவிரலுக்குக் கீழே இருந்தது. பிடித்தாலே எரியும். அழகான யோசனை. ஆனால் நடுவிரலை அழுத்தச் சொன்னால் பக்கத்து விரலும் கூடவே மடங்குகிறது. எட்டுப் பேரை வைத்து, தோட்டா இல்லாத துப்பாக்கியில், மொத்தம் அறுபது முறை அழுத்தவைத்து வீடியோ எடுத்தேன். பதினொரு முறை ஆள்காட்டி விரல் தானாக விசைக்குப் போய்விட்டது.

கடிதம் எழுதினேன். பொருள்: நடுவிரல் ஸ்விட்ச். பார்வை: சோதனை எண் இத்தனை. திட்ட மேலாளர் வசந்த்குமாருக்கு. கோயம்புத்தூர்க்காரர், என்னைவிட இரண்டு வயது சிறியவர், எல்லோருக்கும் பிடித்தவர். எனக்கும்தான்.

"டேய் உமா, கலெக்டருக்கு மனு போடுற மாதிரி போட்டிருக்கியே, மெயில் அனுப்ப மாட்டியா?"

"மெயில் அனுப்பினா படிப்பீங்களா?"

"படிக்க மாட்டேன். ஆனா டெலீட் பண்ண ஈஸியா இருக்கும்ல." சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "லெட்டர்ல காட்டுற இன்ட்ரஸ்ட்ட ஒரு பொண்ணுகிட்ட காட்டியிருந்தா இந்நேரம் உனக்கு ரெண்டு குழந்தை" என்றார். அதற்கும் சிரித்தேன்.

இரண்டாவது கடிதம், அவர் விளக்கை டார்ச்சாகப் பயன்படுத்தும் பழக்கத்தைப் பற்றியது. சாவி விழுந்தால், மீட்டர் படிக்க வேண்டுமென்றால், கையிலிருக்கும் துப்பாக்கியைத் திருப்பி வெளிச்சம் அடிப்பார். மூன்றாவது, அவர் கையெழுத்தைப் பற்றியது. சுட்டுச் சோதித்த ஒவ்வொரு துப்பாக்கியையும் இரண்டு பேர் திறந்து பார்த்து, உள்ளே தோட்டா இல்லை என்று படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முதல் ஆள் நான். இரண்டாம் ஆள் வசந்த். அவர் திங்கட்கிழமை காலையிலேயே அந்த வாரத்துப் படிவம் முழுவதிலும் கையெழுத்துப் போட்டுவிடுவார். மூன்று கடிதங்களும், பின்பக்கத்தில் அச்சடிப்பதற்காகப் பிரிண்டர் பக்கத்தில் வைத்திருக்கும் பழைய தாள் கட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. என் கையெழுத்தின் முதுகில் யாரோ ரயில் டிக்கெட் அச்சடித்துக்கொண்டு போனதை நானே பார்த்தேன்.

சொன்னால் கேட்காதவர்களுக்கு எடுத்துக்காட்டு வேண்டும். ஒரு பொறியாளன் வேறு எப்படி யோசிப்பான் என்று நீங்களே சொல்லுங்கள்.

2006 நவம்பர் 15, புதன்கிழமை, காலை பதினொன்று இருபது. கட்டடத்துக்கு அடியில் இருபத்தைந்து மீட்டர் நீளத்தில் ஜன்னல் இல்லாத ஒரு சோதனைக்கூடம். வெளிச்ச அளவு எடுக்கும்போது அங்கே சிவப்புப் பிளாஸ்டிக் துப்பாக்கியில்தான் விளக்கைப் பொருத்துவது வழக்கம். அன்று அது என் அலமாரியில் இருந்தது. மேசையில் இருந்தது, காலையில் நான் சுட்டுச் சோதித்த நிஜத் துப்பாக்கி. படிவத்தில் வசந்தின் கையெழுத்து திங்கட்கிழமையே தயார். என் கையெழுத்தையும் போட்டேன். உள்ளே ஒரு தோட்டாவை விட்டிருந்தேன்.

கோடியில் மீட்டரோடு நின்றவரை, இந்த வாக்குமூலத்தின் முதல் பிரதியில் 'அளவீட்டு உதவியாளர்' என்று எழுதியிருந்தேன். தேவமலர் அக்கா அதை வாசித்துவிட்டு, தாள்களை முதலிலிருந்து மறுபடி புரட்டினார்.

"தம்பி, பதினாறு பக்கம் எழுதியிருக்கிறியள். அந்தப் பிள்ளையின்ர பேர ஒருக்காலும் எழுதேல்லையே."

அவர் சொன்னதால் எழுதுகிறேன். மீரா. பல்கலைக்கழக மாணவி, வயது இருபத்துமூன்று. முதுகலை ஆய்வுக்காக வாரம் மூன்று நாள் வருவாள்.

மீட்டர் ஸ்டாண்டின் ஸ்க்ரூவை நான் இரண்டு சுற்று தளர்த்தி வைத்திருந்தேன். வசந்த் துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் அறை விளக்கை அணைத்தேன். எதிர்பார்த்த நேரத்தில் ஸ்க்ரூ கழன்று விழுந்தது.

"வசந்த் சார், ஒரு நிமிஷம், ஸ்க்ரூ எங்கயோ உருண்டு போயிடுச்சு."

"இரு இரு, அசையாத. லைட் அடிக்கிறேன்."

அடித்தார். அறுபதில் பதினொன்று என்றால் ஆறில் ஒன்றுக்கும் சற்று அதிகம். அவர் தேடும்போது குறைந்தது பத்து முறை அழுத்துவார் என்று கணக்குப் போட்டிருந்தேன். மூன்றாவது முறையே நடந்துவிட்டது.

நான் எதிர்பார்த்தது தொடைக் காயம். அவள் நின்றிருந்தால் தொடைதான். ஸ்க்ரூவைத் தேடக் குனிந்திருந்தாள். ஸ்க்ரூவைத் தளர்த்தியவன், அவள் குனிவாள் என்பதையும் யோசித்திருக்க வேண்டும். அது என் கணக்குப் பிழை, தயங்காமல் ஒப்புக்கொள்கிறேன். ஆம்புலன்ஸ் ஒன்பது நிமிடத்தில் வந்தது. அதற்குள் அவசரப்பட வேண்டிய வேலை எதுவும் மிச்சமிருக்கவில்லை.

வசந்த் தரையில் உட்கார்ந்து, "நான் லைட்தான்டா அடிச்சேன், லைட்தான்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவரைத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். எட்டு நாள் உள்ளே இருந்தார். சாப்பிடவில்லை என்று கேள்விப்பட்டேன். மனிதர் பாவம். கடிதத்தைப் படித்திருக்கலாம்.

அவர் எப்படி வெளியே வந்தார் என்பதுதான் நீங்கள் சிரிக்க வேண்டிய இடம். நிறுவனம் இந்த ஆபத்தை அறிந்திருந்தது என்று காட்ட, என் கடிதங்களின் நகல் கோப்பை நானே போலீஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான்கு கடிதங்கள், வரிசையாக, இடது மூலையில் பின் அடித்து. நான்காவது, தலைமை இயக்குநருக்குப் பதிவுத் தபாலில் போனது. பொருள்: மேற்கண்ட விபத்து. 'நான் மும்முறை எச்சரித்தபடியே, புதனன்று சோதனைக்கூடத்தில் நடுவிரல் ஸ்விட்சால் ஒருவருக்குத் தொடையில் காயம் ஏற்பட்டது வருந்தத்தக்கது' என்று தொடங்கும். பதற்றத்தில் எழுதினால் என் எழுத்து கோணும். அதனால் அதை முந்தின நாளே எழுதி, முந்தின நாளே அனுப்பிவிட்டேன். வியாழக்கிழமை போய்ச் சேர வேண்டும் அல்லவா? தேதியை மாற்றிப் போட்டிருக்கலாம். கை வரவில்லை. 14.11.2006 என்று அழகாக எழுதி, தபால் ரசீதையும் கூடவே பின் அடித்திருந்தேன்.

அதிகாரி கடிதத்தைப் பார்த்தார். ரசீதைப் பார்த்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார். என் கடிதத்தை ஒருவர் இரண்டு முறை படிப்பதை அன்றுதான் பார்த்தேன்.

நேற்று அக்கா இன்னொரு தாளைக் கொண்டுவந்து காட்டினார். மீராவின் பையில் இருந்ததாம். பென்சிலில் தமிழ் எழுதியிருக்கிறது, மொழிபெயர்க்கச் சொல்லி அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். என் முதல் கடிதம். பிரிண்டர் பக்கத்துத் தாள் கட்டிலிருந்து எடுத்திருக்கிறாள். வரிக்கு வரி கோடு போட்டிருந்தாள். ஓரத்தில் இப்படி எழுதியிருந்தாள்: 'உமாபதி சார் சொல்றது சரி. வீடியோ பாத்தேன். பதினொண்ணு இல்ல, பதிமூணு. புதன் அளவு எடுத்து முடிச்சதும் வசந்த் சார்கிட்ட பேசணும். கேக்கலைன்னா டைரக்டர்கிட்ட போகணும்.'

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏதும் சொல்லப் போறியளோ தம்பி?" என்று கேட்டார்.

நான் மனதுக்குள் வீடியோவை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். பதிமூன்றுதான். ஐந்தாவது ஆளிடமும் ஏழாவது ஆளிடமும் ஒவ்வொரு முறையை நான் எண்ணாமல் விட்டிருக்கிறேன். நல்ல பெண். கவனமாகப் படித்திருக்கிறாள். என்ன, புதன்கிழமை வரை காத்திருக்காமல் செவ்வாய்க்கிழமையே பேசியிருந்தால், அந்த மழையில் தபால் நிலையத்தில் நான் நாற்பது நிமிடம் வரிசையில் நின்றிருக்க வேண்டாம்.