எல்லா ஊரும் ஒண்ணுதானாம்

இல்லக்கா, ஜன்னலை மூடாதீங்க. காத்து வந்தாத்தான் இவன் அழாம வருவான். ஒன்பது மாசம். ஆமா, பாண்டிச்சேரிக்குத்தான், பிரெஞ்சு கான்சல் ஆபீசுக்கு. ரெண்டு சீட்டு முன்னால கறுப்புக் கண்ணாடி போட்டிருக்காரே, அவருதான் இவங்கப்பா. பக்கத்துல அவரோட அக்கா, மதலேன் அண்ணி. போன மாசம்தான் ரெண்டு பேரும் பாரீசுலேர்ந்து லீவுல வந்தாங்க. பிள்ளைய அவரு பாத்ததே அப்பதான்.

பாரீசுக்குப் போகப் பயமா? பிளேனுக்கெல்லாம் பயமில்லக்கா. கேசட்டுல பேசி அனுப்புவாரே. செல்வி, அங்க விக்கிற அதே பால் டின்னு, அதே சோப்பு இங்கயும் இருக்கு, முருங்கைக்கா கூட கிடைக்குது, இனிமே அந்த ஊரு இந்த ஊருன்னு ஒண்ணும் கிடையாது, வரிச்சிக்குடிலேர்ந்து காரைக்காலுக்கு வர்ற மாதிரி நீ பாட்டுக்கு வந்துடலாம்னு. நானும் நம்பினேன். அண்ணி முடிய வெட்டிக்கிட்டு பேன்ட்டோட வந்து இறங்கி, ரெண்டு கன்னத்துலயும் முத்தம் குடுத்தாங்க பாருங்க, எங்கம்மா முந்தானையால வாயப் பொத்திக்கிட்டு சிரிச்சாங்க.

அண்ணிக்குப் பிள்ளை இல்லக்கா. கல்யாணமாகி பதினோரு வருசம் ஆச்சு.

இப்ப போறது விசாவுக்குன்னுதான் சொன்னாரு. எனக்கும் இவனுக்கும். நேத்து அவரு பெட்டியில துண்டு தேடுறேன், அடியில டைப் அடிச்ச பிரெஞ்சுக் காகிதம். கன்னியர் மடத்துல எட்டு வருசம் பிரெஞ்சு படிச்சவக்கா நான். அண்ணிக்கு அது தெரியாது. இவருக்கு மறந்தே போச்சு போல.

விசாவா! அதுல விசாங்கிற பேச்சே இல்ல. இவன அண்ணிக்குத் தத்து குடுக்குற காகிதம்க்கா.

நம்ம பக்கத்து வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே. பிள்ளையில்லாத அக்காவுக்குத் தம்பி பிள்ளையத் தூக்கிக் குடுத்துடுவாங்க. பெரியவங்க நாலு பேரு பேசி முடிச்சுட்டா சரி, பெத்தவள யாரு கேக்குறா? பேன்ட்டு போட்டும் அண்ணி அத மட்டும் மறக்கல பாருங்க. ஆனா அந்த ஊரு சட்டத்துல அது செல்லாதாம். அம்மா நேர்ல வரணும், ஆபீசரு உனக்குச் சம்மதமான்னு கேக்கணும், அப்புறம்தான் கையெழுத்து. எல்லா ஊரும் ஒண்ணுன்னாரே, அந்த ஒரு வித்தியாசத்தாலதான் இன்னைக்கு என்னையும் பஸ்ஸுல ஏத்தியிருக்காரு. இவரு பாக்குறது அண்ணி புருசன் வாங்கிக் குடுத்த வேலை. அவங்க வீட்லதான் தங்கியிருக்காரு. அவரு எப்படி முடியாதுன்னு சொல்லுவாரு?

எங்கம்மாகிட்ட ஓடினேன். சின்ன வயசுதானேடி, இன்னொண்ணு பெத்துக்கலாம்னாங்க. அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குக்கா.

சத்தம் போடாதீங்க. ஒண்ணும் வேணாம், யாருகிட்டயும் சொல்லாதீங்க. ஆபீசரு கேக்குறப்ப பிரெஞ்சுல ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். நோன். முடியாதுன்னு அர்த்தம், அவ்வளவுதான். பஸ்ஸு ஏறினதுலேர்ந்து உள்ளுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே வர்றேன், நாக்கு ஒட்டிக்குது.

அவரு திரும்பிப் பாக்குறாருக்கா. சிரிங்க. சும்மா, என்னமோ பேசிக்கிட்டு வர்ற மாதிரி சிரிங்க.