மாடிப்படிக் கைப்பிடி யாருடையது?

ஓட்டுநர் தேர்வில் முதல் முறையே தேறிவிட்டவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ப்ளிமத்தில் இருபத்தாறு வருடம் தேர்வு அதிகாரியாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்த அனுபவத்தில் சொல்கிறேன். நீங்கள் மூன்றாவது முறைதான் தேறினேன் என்றீர்கள். நல்லது. அப்படிப்பட்டவர்கள் அவசரப்படாமல் கண்ணாடியைப் பார்ப்பார்கள். மரண விசாரணை அலுவலகத்திலிருந்து ஒருவர் வருகிறார் என்றதும் யாரோ விறைப்பான ஆள் வரப்போகிறார் என்று நினைத்திருந்தேன். உங்களிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லலாம் போலிருக்கிறது.

புகைப்படத்தில் இருக்கும் காலித் துளைகளைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு வருகிறேன். முதலில் இந்தக் கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும்.

இங்கே மூன்று வீடுகள். கீழ்த்தளத்துக்காரர்கள் வருடத்தில் பாதி ஸ்பெயினில் இருப்பார்கள். நடுவில் நான், ஏவரில் பாஸ்கோ. மேலே டென்சில் ட்ரெம்பாத். கட்டடம் ஒரு வீட்டு நிறுவனத்தினுடையது. ட்ரெம்பாத் தன் வீட்டை நீண்டகாலக் குத்தகைக்கு வாங்கியவர். என்னுடையது பங்கு வீடு: முப்பத்தைந்து சதவீதம் எனக்கு, மிச்சம் நிறுவனத்துக்கு. ஆனால் உள்ளே ஏதாவது உடைந்தால் பழுதுபார்ப்பது நூறு சதவீதமும் நான்தான். பத்திரத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஒருமுறை என் சமையலறைக் குழாய் ஒழுகியபோது ட்ரெம்பாத் சொன்னார்:

“உங்க முப்பத்தஞ்சு சதவீதக் குழாய மட்டும் மாத்துங்க வக்கீலம்மா. மிச்சம் அறுபத்தஞ்சு அவங்களோடது, அது பாட்டுக்குச் சொட்டட்டும்.”

என்னை அப்படித்தான் கூப்பிடுவார், வக்கீலம்மா என்று. நான் வக்கீல் இல்லை. பத்திரத்தை முழுதாகப் படித்தவள், அவ்வளவுதான். எழுபத்திரண்டு பக்கம். இந்தக் கட்டடத்தில் வேறு யாரும் அதைப் படித்ததில்லை. நிறுவனத்திலும் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஜன்னலில் கண்ணாடி எங்களுடையது, சட்டம் அவர்களுடையது. சரி, கண்ணாடியைச் சட்டத்தில் ஒட்ட வைத்திருக்கும் மக்கு யாருடையது? அதற்கு ஐந்து மாதம் கடிதம் எழுதினேன். அவர்களுடையதுதான் என்று கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். ட்ரெம்பாத் விழுந்து விழுந்து சிரித்தார்.

“மக்கு யாருன்னு கண்டுபிடிக்க அஞ்சு மாசமா?”

எழுபத்தொன்பது வயது. பிரெஞ்சுக் கரைக்குப் போய்வரும் கப்பலில் முப்பது வருடம் சமையல்காரராக இருந்தவர். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. முழங்கால் ஒன்று செயற்கை. புதன்கிழமைகளில் மாவு பிசைந்து ஏதாவது சுடுவார். எனக்கும் ஒரு தட்டு வரும். எங்களுக்குள் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

என் கதவை ஒட்டித்தான் அவர் வீட்டுக்குப் போகும் படிகள் ஆரம்பிக்கின்றன. பதின்மூன்று படி. சுவரோரமாக மரக் கைப்பிடி, அதைப் பிடித்திருக்க மூன்று இரும்புத் தாங்கிகள். பிப்ரவரியில் மேலே இருந்த இரண்டு தாங்கிகளும் சுவரைவிட்டு வந்துவிட்டன. பழைய சுண்ணாம்புப் பூச்சு, அதில் எதுவும் நிற்காது. நிறுவனத்தைக் கேட்டோம். ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் போகும் படிகள் அந்த வீட்டைச் சேர்ந்தவை, ஆகவே கைப்பிடி ட்ரெம்பாத்தின் பொறுப்பு என்று பதில் வந்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் சரிதான். ஆனால் ஏழாவது படிக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது, பார்த்தீர்களா? அதற்குள் மொத்தக் கட்டடத்துக்குமான தண்ணீர்க் குழாய்களின் அடைப்பான்கள் இருக்கின்றன. நிறுவனத்து ஆட்கள் அதற்காக இந்தப் படிகளில்தான் ஏற வேண்டும். அப்படியென்றால் படிகள் எல்லோருக்கும் பொது. பொது என்றால் கைப்பிடி நிறுவனத்தின் பொறுப்பு. நாற்பத்தோராம் பக்கம், மூன்றாவது பத்தி. அதைக் கண்டுபிடித்த அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

“எனக்கு எழுதவெல்லாம் வராது,” என்றார் ட்ரெம்பாத். “நீங்களே பாத்துக்கோங்க. சுவத்தைப் பிடிச்சிக்கிட்டே நான் எறங்கிடுவேன்.”

கையெழுத்துப் போட்டுத் தந்தார். பதினொரு கடிதம் எழுதினேன்.

ஜூன் மாதம் நிறுவனத்தின் பழுதுபார்ப்புப் பிரிவிலிருந்து டாவினா என்ற பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். களைத்த குரல்.

“மேடம், ஆளை அனுப்பிச் சரி பண்ணித் தந்துடுறோம். ஒரு நல்லெண்ணத்துல. யார் பொறுப்புங்கிறத மட்டும் எங்களக் கேக்காதீங்க, ப்ளீஸ்.”

இதிலுள்ள சிக்கல் உங்களுக்குப் புரியும். நல்லெண்ணத்தில் ஒருமுறை செய்வார்கள். அடுத்தமுறை நல்லெண்ணம் இல்லையென்றால்? தேர்வில் ஒருவன் தவறான பக்கத்தில் வண்டியைத் திருப்பி, தற்செயலாக யார்மீதும் மோதாமல் வந்துவிட்டால் அவனைத் தேறியவனாக நான் எழுத முடியுமா?

செவ்வாய்க்கிழமை காலை தச்சர் வந்தார். ரோரி என்று பெயர். ட்ரெம்பாத் கண் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். நான்தான் வாசலில் நின்று பேசினேன்.

“பத்து நிமிஷ வேலைம்மா,” என்றார் ரோரி. “புதுசா ரெண்டு கட்டை வச்சு, நாலு ஸ்க்ரூ.”

“யார் சார்பா போடுறீங்க?”

“என்னது?”

“நிறுவனம் பொறுப்பேத்துப் போடுதா, இல்ல அவருக்கு உதவியாப் போடுதான்னு கேக்குறேன்.”

“நான் டிரில்லிங் மெஷின் சார்பா போடுறேன்மா. தள்ளுங்க.”

நல்ல பையன், நகைச்சுவை உள்ளவன். ஆனாலும் எழுத்தில் ஒன்றும் இல்லாமல் அவனை ஏறவிடவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேலே ஒருமுறை பார்த்தான்.

“பெரியவரு விழுந்துடப் போறாரும்மா.”

“விழுந்தா அது உங்க கம்பெனி பொறுப்பு,” என்றேன். அது உண்மையும்கூட.

மத்தியானம் ட்ரெம்பாத் வந்து விசாரித்தபோது யாரும் வரவில்லை என்று சொன்னேன். இதைப் பொய் என்று நீங்கள் எழுதினால் நான் மறுக்க மாட்டேன். அதிகாரத்தோடு யாரும் வரவில்லை என்பதுதான் நான் சொல்ல நினைத்தது. கொஞ்சம் சுருக்கிச் சொல்லிவிட்டேன்.

“கப்பல் கம்பெனிக்காரனுங்களும் இப்படித்தான், சொன்னா வரவே மாட்டானுங்க,” என்றார் அவர். “விடுங்க, நானே பாத்துக்கறேன்.”

பார்த்தும்விட்டார். அடுத்த திங்கட்கிழமை கடைக்குப் போய் வந்து பார்க்கிறேன், கைப்பிடி அசையாமல் நிற்கிறது. மரக்கட்டைகளைச் சுவருக்குள் அடித்து இறக்கி, தாங்கிக்கு இரண்டாக நான்கு நீளமான திருகாணிகள் போட்டிருந்தார். நெற்றியில் சுண்ணாம்பு. கைப்பிடியில் தொங்குவதுபோல் இழுத்துக் காட்டினார்.

“யானையே புடிச்சு எறங்கலாம். எப்படி?”

நன்றாகத்தான் செய்திருந்தார். அதுதான் தொந்தரவு. ஏனென்றால் வியாழக்கிழமை ஒரு ஆய்வாளர் வரவிருந்தார். நிறுவனத்துக்கும் எங்களுக்கும் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்பவர்; அவரை வரவழைக்கவே எனக்கு நான்கு மாதம் ஆகியிருந்தது. வந்து பார்க்கும்போது கைப்பிடி உறுதியாக இருந்தால்? குத்தகைதாரரே செய்திருக்கிறார் என்றால்? தன் பொறுப்பு என்று அவரே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். ட்ரெம்பாத்திடம் விளக்கினேன்.

“சரியாப் போச்சுல்ல வக்கீலம்மா, அப்புறமென்ன?” என்றார். “ஜெயிச்சவங்களுக்குக் கோப்பையா தர்றாங்க?”

இவரிடம் பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. அவருடைய நலனை அவருக்காக இன்னொருவர் யோசிக்க வேண்டியிருந்தது.

புதன்கிழமை இரண்டு மணிக்கு அவர் சர்க்கரை வாங்க வெளியே போனார். நான் முக்காலியோடு போய் நான்கு திருகாணிகளையும் கழற்றினேன். பத்து நிமிட வேலை. ரோரி சொன்னது சரி. தாங்கிகளை அந்தக் காலித் துளைகளுக்கு நேராகச் சாய்த்து வைத்தேன். கீழே நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. திருகாணிகள் இதோ, இந்த உறையில் இருக்கின்றன. தேதியும் நேரமும் எழுதியிருக்கிறேன். நான் எதையும் ஒளிப்பவள் அல்ல.

அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். அவர் திரும்பி வந்து ஏறும்போது ஆய்வாளருக்கான குறிப்பை எழுதிக்கொண்டிருந்தேன். கையில் பை இருந்ததால் கைப்பிடியைத் தொடாமலே ஏறிவிட்டார். நான்கு மணிக்குப் போய்ச் சொல்லலாம் என்று முடிவு செய்தேன். நான்கு மணிக்கு ஆறாவது பத்தியில் இருந்தேன். அதுதான் முக்கியமான பத்தி, அடைப்பான் கதவைப் பற்றியது.

நான்கு இருபதுக்கு அவர் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. குங்குமப்பூ ரொட்டியின் வாசனையும் வந்தது. அங்கிருந்தே ஒரு குரல் கொடுத்திருக்கலாம். எழுதிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் இருந்தது. முடித்துவிட்டு எழுந்திருக்கலாம் என்று இருந்தேன். ஒரு கையில் எனக்கான தட்டு. ஆகவே இன்னொரு கையால் கைப்பிடியைப் பிடித்திருக்கிறார், முழு நம்பிக்கையோடு.

விழுந்த சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தபோது என் வாசல் கால்மிதியில் கிடந்தார். சுற்றிலும் ரொட்டிகள். நினைவு இருந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றார்.

“என் ஸ்க்ரூ சரியில்ல போல, வக்கீலம்மா. என் தப்புதான்.”

“இல்ல மிஸ்டர் ட்ரெம்பாத்,” என்றேன். “இது உங்க தப்பே இல்ல.” ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். போர்வை போர்த்தினேன். தாமதமேதும் செய்யவில்லை.

மறுநாள் ஆய்வாளர் வந்தார். நடந்ததைக் கேள்விப்பட்டு, ஆய்வைத் தள்ளிவைக்கலாமா என்று தயக்கத்தோடு கேட்டார். வேண்டாம் என்றேன். எல்லாம் உள்ளபடியே இருக்கும்போது பார்ப்பதுதானே நல்லது? நீங்கள் வைத்திருக்கும் புகைப்படம் அவர் அன்று எடுத்தது.

ட்ரெம்பாத் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இடுப்பு எலும்பு முறிவு, பிறகு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. தினமும் போனேன். நர்ஸிடமும் பக்கத்துப் படுக்கைக்காரரிடமும் ஒரே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்: வயசான காலத்தில் தச்சு வேலை பார்க்கக் கிளம்பி, தானே போட்ட கைப்பிடியோடு தானே விழுந்த கதை. யானை புடிச்சு எறங்கலாம்னேன், நானே எறங்க முடியல என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். கடைசி இரண்டு நாள் சிரிக்கத் தெம்பில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணும். எல்லாம் என்னாலதான்,” என்றார்.

திருகாணிகளைப் பற்றி அப்போது பேச்சு எடுக்கவில்லை. நோயாளியைக் குழப்பக் கூடாது.

அவரை அடக்கம் செய்து பதினொரு நாள் கழித்து நிறுவனத்தின் கடிதம் வந்தது. படிகள் பொது வழி. கைப்பிடி முழுக்க அவர்களுடைய பொறுப்பு. எந்த நிபந்தனையும் இல்லை, நல்லெண்ணம் என்ற சொல்லும் இல்லை. மூன்று முறை படித்தேன். நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: ஆமாம், சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். தச்சரைத் திருப்பி அனுப்பியது நான். திருகாணிகளைக் கழற்றியது நான். அவர் கதவு திறக்கும் சத்தம் கேட்டும் குரல் கொடுக்காமல் இருந்தது நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த ஒன்பது நாளும் அவர் ‘என் தப்பு, என் தப்பு’ என்று சொன்ன ஒவ்வொரு முறையும் நான் திருத்தினேன். இல்லை மிஸ்டர் ட்ரெம்பாத், சட்டப்படி இது நிறுவனத்தின் பொறுப்பு என்று, அவர் கண்ணை மூடும்வரை பொறுமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். தன்னுடையதல்லாத ஒரு பழியை அந்த மனிதர் சுமந்துகொண்டு போக நான் விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரியாக வேறு என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்?