காகத்தின் எடை

பேஸ் கிட்டார் வாசிக்கிறவனுக்குப் பிடித்த பாட்டு எது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை, டாக்டரம்மா. பாடுகிறவனைக் கேட்பார்கள். டிரம்ஸ்காரனைக்கூடக் கேட்பார்கள், அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பதில் சொல்வான். என்னிடம் வந்து கேட்டதெல்லாம், "அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வயர் போகுது" என்பதுதான்.

நீங்கள் கேட்பது வேறு என்று புரிகிறது. ஏழாம் நம்பர் படுக்கையில் இருக்கவேண்டிய என் மைத்துனன் எங்கே, அவனுடைய ஆஸ்பத்திரி அங்கியை மாட்டிக்கொண்டு நான் ஏன் இங்கே படுத்திருக்கிறேன் என்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பாட்டிலிருந்துதான் வரவேண்டும்.

பதறாதீர்கள். அவன் பாடத்தான் போயிருக்கிறான். ஒரு கல்யாண வரவேற்பு. பாடினால் தொண்டையில் ரத்தம் கசியும், குரலே போய்விடும் என்று நீங்கள் சொன்னது எனக்கும் நினைவிருக்கிறது. ஆனால் நான் போய்ச் சேராமல் அங்கே ஒரு பாட்டும் ஆரம்பிக்காது. பேஸ் என்பது பாட்டுக்கு அடியில் ஓடுகிற கனத்த ஒலி, அஸ்திவாரம் இல்லாமல் யாராவது மாடி கட்டுவார்களா? என் கிட்டார் இதோ, உங்கள் குளுக்கோஸ் ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கிறது. ஆகவே நமக்கு நேரம் இருக்கிறது. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

எங்களுடையது மெல்லிசைக் குழு. சொந்தப் பாட்டு கிடையாது. அடுத்தவர் போட்ட பாட்டை அவர் போட்டது போலவே வாசித்துவிட்டு, கைதட்டலை மட்டும் நாங்கள் வாங்கிக்கொள்வோம். கீபோர்டு வாசிக்கிறவர்தான் தலைவர். அவரை மாஸ்டர் என்போம். பாடுகிறவன் என் மனைவியின் தம்பி. அவனைக் குழுவில் சேர்த்துவிட்டதே நான்தான். சொந்தக்காரனுக்குச் செய்த முதல் நன்மை அது. இரண்டாவதுக்கு இனிமேல்தான் வருகிறேன்.

பாட்டுகளுக்கு நாங்களே பட்டப்பெயர் வைத்துக்கொள்வோம். எனக்குப் பிடித்தது 'மாடிப்படி'. அதில் பாடுகிறவன் மேலே ஏறிக்கொண்டிருப்பான், பேஸ் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி வரும். நடுவழியில் இரண்டும் தோள் உரசிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. இந்த வயதிலும் அந்த இடம் வந்தால் எனக்குக் காதுமடல் சூடாகும். அடுத்தது 'விருந்தாளி'. எல்லோரும் வாசித்து முடித்த பிறகும் பேஸ் மட்டும் போகாமல் வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகும். அதைக் கேட்க ஆள் இருக்கமாட்டார்கள், கைதட்டல் அதற்கு முன்பே ஆரம்பித்துவிடும் என்பது வேறு விஷயம்.

பிடிக்காதது 'சொட்டுக் குழாய்'. பாட்டு முழுக்கப் பேஸுக்கு ஒரே ஸ்வரம். சொட்டு, சொட்டு, சொட்டு. விரலைக் கம்பியோடு சேர்த்து ஆணி அடித்துவிட்டுச் சாப்பிடப் போய்விடலாம். ஆனால் பாடுகிறவனுக்கு அது ராஜபாட்டை. சரணத்தின் கடைசி வரியில் உச்சிக்குப் போய்க் கையை விரித்துக்கொண்டு நிற்பான். ஜனம் எழுந்துவிடும். திரும்பவும் கேட்பார்கள். என் மைத்துனனுக்கு 'மாட்டேன்' என்று சொல்ல வராது. நேரம் போதவில்லை என்று மாடிப்படியைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் குழாயை இன்னொரு தடவை திறந்துவிடுவார்கள்.

ஒருநாள் அவனிடமே கேட்டேன்.

"மாப்பிள்ளை, இன்னிக்காவது மாடிப்படி பாடலாமா?"

"அது யாருக்கு அத்தான் வேணும்? அதுல என்ன இருக்கு?"

"அதுல நான் இருக்கேன்."

விழுந்து விழுந்து சிரித்தான். நல்ல பையன். வேடிக்கை என்று நினைத்துவிட்டான்.

அன்றைய கச்சேரியில், அந்த உச்சி வரியில், என் விரலை அரைக் கட்டை கீழே இறக்கி வைத்தேன்.

அரைக் கட்டை என்பது பெரிய விஷயமில்லை. கீபோர்டில் வெள்ளைக் கட்டைக்குப் பக்கத்துக் கறுப்புக் கட்டை, அவ்வளவுதான். என் கிட்டாரில் இரண்டு விரல் அகலம். ஆனால் அஸ்திவாரம் இரண்டு விரல் நகர்ந்தால் யாரும் குனிந்து அஸ்திவாரத்தைப் பார்ப்பதில்லை. மாடியில் நிற்கிறவன் குடித்திருக்கிறான் என்பார்கள். அவன் குரல் கீறிக்கொண்டு போனது. ஜனங்கள் அவனைப் பார்த்தார்கள். மாஸ்டர் அவனைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எல்லோரும் பார்க்கும்போது நான் மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பது மரியாதையில்லை.

கொலை செய்கிறவனுக்குக் கத்தியை எங்கே ஒளிப்பது என்ற தொல்லை இருக்கும். எனக்கு அது இல்லை. பேஸ் என்பது குழம்பில் உப்பு மாதிரி. கூடினாலும் குறைந்தாலும் சமைத்தவரைத்தான் திட்டுவார்கள், உப்பைத் திட்டினவர் யாருமில்லை.

எல்லாக் கச்சேரியிலும் செய்யவில்லை. அப்படிச் செய்தால் பழகிவிடும். இரண்டு கச்சேரி நன்றாகப் போகவிட்டு, அவன் முகத்தில் தெம்பு வந்த பிறகு மூன்றாவதில் இறக்குவேன். செடிக்குத் தண்ணீர் விடுவது போல, அளவாக. அவன் வெந்நீரும் தேனும் குடித்துப் பார்த்தான். குளிர்ந்ததைத் தொடவில்லை. கழுத்துக்கு மப்ளர் வாங்கிக் கொடுத்தது நான். நல்ல கம்பளி. அந்த ஊதா மப்ளரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். "என் தம்பி குரல் இப்படிப் போகுதேங்க" என்று என் மனைவி கண்ணைத் துடைத்தாள். "எல்லாம் சரியாயிடும், அழாதே" என்று நானும் என் துண்டைக் கொடுத்தேன்.

அப்புறம் ஒரு வைத்தியர் ஒரு மாதம் பேசவே கூடாது என்றார். எங்கள் வீட்டில் வைத்துத்தான் பார்த்துக்கொண்டோம். எதையும் சிலேட்டில் எழுதித்தான் காட்டுவான். அந்த மாதம் அவனோடு நடந்த எல்லா வாக்குவாதத்திலும் நான்தான் ஜெயித்தேன். அவன் எழுதி முடிப்பதற்குள் நான் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவேன். ஒருநாள் எழுதினான்: 'அத்தான், குழுவுல எல்லாரும் என்னை விட்டுட்டாங்க. நீங்க மட்டும்தான் கூடவே இருக்கீங்க.' உண்மைதான். கூடவே இருந்தால்தான் இந்த வேலை நடக்கும்.

உங்களிடம் கூட்டிக்கொண்டு வந்ததும் நான்தான். நீங்கள் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, குரல்நாணில் இருந்த பருவைத் திரையில் காட்டினீர்கள். அதை எடுக்க நாளைக் காலைக்கு நேரம் குறித்தீர்கள். அந்தப் பருவைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. தப்பாக நினைக்காதீர்கள். இத்தனை வருட வாசிப்பில், என் வாசிப்பு ஒருவர் உடம்பில் பதிந்து கண்ணால் பார்த்தது அன்றுதான்.

தலையில் கையை வைத்துக்கொள்ளாதீர்கள். இருங்கள், மனசாட்சிக்கு வருகிறேன்.

முந்தாநாள் எங்கள் சவுண்டுக்காரனோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன். மேடைக்கு எதிரே உட்கார்ந்து, யார் சத்தம் எவ்வளவு கேட்கவேண்டும் என்று பொத்தானைத் திருகுகிறவன். மைத்துனன்தான் இல்லை, இனிமேலாவது என் சத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி வையேன் என்றேன். அவன் டீயைக் கீழே வைத்துவிட்டான்.

"பெரியவரே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே."

"சொல்லு."

"உங்க கிட்டார் சத்தத்தை வெளிய விடற லைனை நான் திறக்கிறதே இல்ல. வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து மூடித்தான் கெடக்கு. பேஸை மாஸ்டரே இடது கையில வாசிச்சுடறார். உங்க காலடியில இருக்கிற ஸ்பீக்கர் பெட்டியில மட்டும் விடுவேன். அது உங்களுக்கு மட்டும்தான் கேக்கும்."

"ஏன்?"

"நீங்க சந்தோஷமா இருக்கணும்னு மாஸ்டர் சொல்லியிருக்கார்."

அந்த நிமிஷத்திலிருந்துதான் டாக்டரம்மா, எனக்கு மனசாட்சி உறுத்த ஆரம்பித்தது. அதற்கு முன்னால் ஒருநாளும் உறுத்தியதில்லை. நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். ஒரு அப்பாவியின் தொண்டையில் கத்தி வைக்கப் போகிறார்கள், செய்தது யார் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாமல் போகலாமா? அது அநியாயம் இல்லையா?

அதனால் இன்று வரவேற்புக்குப் போகிற வழியில், கிட்டாரும் கையுமாக இங்கே ஏறி வந்து, அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடிப்பான் என்று நினைத்துக் கண்ணாடியை முன்கூட்டியே கழற்றி வைத்துக்கொண்டேன். அவன் சிலேட்டை எடுத்து எழுதினான்: 'அப்ப என் தொண்டைக்கு ஒண்ணும் இல்லையா?'

"ஒண்ணும் இல்ல மாப்பிள்ளை. அங்க இருந்தது நான்தான்."

பருவைப் பற்றியும் விளக்கினேன். இறுக்கமான சட்டை போட்டால் தோல் சிவக்கிறது. அதற்குச் சட்டையைக் கழற்றுவார்களா, தோலை அறுப்பார்களா? என் அரைக் கட்டையைத் துரத்தித் துரத்தி வந்த பரு, துரத்துவதை நிறுத்தினால் அமுங்கிவிட்டுப் போகிறது. அவனுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. உங்களைப் போலப் படித்தவர்களுக்குத்தான் நேரம் எடுக்கிறது. என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். சிலேட்டை என் மடியில் வைத்தான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் வாய் திறந்து பேசிய முதல் பேச்சு, "அத்தான், உங்க சட்டையும் பேன்ட்டும் கொடுங்க" என்பது. அவனுடைய துணியை அவன் அக்கா துவைக்க எடுத்துப் போயிருந்தாள்.

கொடுத்த பிறகுதான் நான் எதைப் போட்டுக்கொண்டு போவது என்று யோசித்தேன். அதற்குள் அவன் படியிறங்கிவிட்டான்.

ஆளில்லாத படுக்கை ஊரைக் கூட்டிவிடும் என்று நான் ஏறிப் படுத்துக்கொண்டேன். உங்கள் சிஸ்டர் வந்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், "ராத்திரி பத்துக்கு மேல தண்ணிகூடக் குடிக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவனுக்குத் தலை நிறையச் சுருட்டை முடி. எனக்கு எப்படி என்று நீங்களே பார்க்கிறீர்கள். அந்தப் பெண்ணின் மேல் கோபப்படாதீர்கள். என்னைக் கவனிக்காமல் இருப்பது ஊரில் எல்லோருக்கும் தானாக வருகிறது.

"ஐயா, சுத்தி வளைச்சது போதும். இது காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதை. உங்க லைன் மூடியிருந்துச்சுன்னா, நீங்க எதுவுமே பண்ணல. அவர் தொண்டை தானாதான் கெட்டிருக்கு. இப்ப பாடினா நிஜமாவே போயிடும். எந்த மண்டபம்?" என்கிறீர்கள்.

சொல்கிறேன். கோபத்தில் உங்கள் குரல் நல்ல உச்சிக்குப் போகிறது. ஆனால் காகத்தின் எடையை யாரும் அவ்வளவு சுலபமாகக் குறைத்துப் பேசக்கூடாது. பனம்பழத்தைக் கேட்டுப் பாருங்கள். சவுண்டுக்காரனுக்கு என்ன தெரியும்? பொத்தானைத் திருகுகிறவன் திருகட்டும். மூடிய கதவுக்கு வெளியிலும் கொஞ்சம் கேட்கத்தான் செய்யும்.

ரயில் நிலையத்துக்கு எதிரில் இருக்கிற ஹோட்டல், முதல் மாடி. ஆம்புலன்ஸை அனுப்புங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வீணாக ஓட்டுநரை விரட்டாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். இன்னும் ஆரம்பித்திருக்கமாட்டார்கள்.

என் போன் ஏன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை என்கிறீர்களா? பெரியவரைத் தொந்தரவு செய்யவேண்டாம் என்ற மரியாதை. வேண்டுமானால் என் மனைவிக்கு நானே போடுகிறேன். முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பாள். சத்தமாக வைக்கிறேன், நீங்களும் கேளுங்கள்.

"என்னங்க, மேடையில நின்னுக்கிட்டா போன் பண்றது?"

"நான் மேடையிலயா இருக்கேன்?"

"இல்லையா? இருங்க, பாக்கறேன்."

பார்க்கிறாள்.

"அட, ஆமா. சரி, அது கெடக்கட்டும். தம்பி வந்துட்டான் தெரியுமா? இது மூணாவது பாட்டு. பழைய மாதிரியே பாடறான், கேளுங்க."

"அம்மா, நான் டாக்டர் பேசறேன். உடனே அவரை நிறுத்தச் சொல்லுங்க."

"ஒண்ணும் கேக்கலீங்க. ஒரே சத்தமா இருக்கு. இருங்க, மேடைப் பக்கம் பிடிக்கறேன்."

கேட்கிறதா? சொட்டுக் குழாய். அடியில் போகிற பேஸைக் கவனியுங்கள். சொட்டு, சொட்டு, சொட்டு. என்ன கனம், என்ன தெளிவு. நான் வாசிப்பது போலவே இருக்கிறது. ஒரு ஸ்வரம் பிசகவில்லை. மாஸ்டருடைய இடது கையாகத்தான் இருக்கும். என்னைக் கேட்டுக் கேட்டுப் பழகிய கை.

இப்போது சரணம். கடைசி வரி வருகிறது. ஏறுகிறான். கையை விரித்திருப்பான். இதோ, உச்சி.

கீறிவிட்டது.

சொட்டு, சொட்டு, சொட்டு. பாட்டு போய்க்கொண்டிருக்கிறது, குரலைத்தான் காணோம். நாற்காலிகள் நகர்கின்றன. என் மனைவி "தம்பி, தம்பி" என்கிறாள். உங்கள் ஆட்கள் இந்நேரம் மாடிப்படி ஏறிக்கொண்டிருப்பார்கள், பார்த்துக்கொள்வார்கள்.

ஓடாதீர்கள் டாக்டரம்மா, ஒரே ஒரு நிமிஷம். நீங்கள்தான் எனக்குச் சாட்சி. என் கிட்டார் உறையைக்கூடப் பிரிக்காமல் அதோ ஸ்டாண்டில் சாய்ந்திருக்கிறது, என் இரண்டு கையும் இந்தப் போர்வைமேல் இருக்கின்றன, நடுவில் இத்தனை தெரு இருக்கிறது. அப்படியும் அரைக் கட்டை இறக்கிவிட்டேன், கேட்டீர்கள் இல்லையா?