ஐம்பத்து நான்காவது சுரம்

எங்கள் தெருவில் குழந்தை பிறந்தால் பெயர் கேட்டு என்னிடம்தான் வருவார்கள். பெயர் வைப்பதில் எனக்கு அப்படி ஒரு ஆசை. நான் செய்ததெல்லாம் அந்த ஆசையில்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

நான் கணக்கு வாத்தியார். பாட வராது, சுரங்களின் கணக்கு வரும். ஷட்ஜத்தில், அதாவது ச-வில் தொடங்கி, அதன் பஞ்சமமான ப-வுக்கு ஏறி, அதையே ச-வாக வைத்து மறுபடி அதன் பஞ்சமத்துக்கு என்று ஏறிக்கொண்டே போனால் ஐம்பத்து மூன்றாம் படியில் புறப்பட்ட ஷட்ஜத்துக்கே வந்துவிடலாம். ஒரு மயிரிழை மிஞ்சும், அது யார் காதுக்கும் எட்டாது என்று விட்டுவிட்டேன். ஆக, சுரங்கள் ஐம்பத்து மூன்று. ஒவ்வொன்றுக்கும் தமிழில் பெயர் வைக்கப் பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. புத்தகம் அச்சுக்குப் போகும் முன், புறப்பட்ட ஷட்ஜத்தையும் ஐம்பத்து மூன்றாம் படியில் வந்து சேர்ந்ததையும் கம்ப்யூட்டரில் வீரபாகுவுக்குப் போட்டுக் காட்டினேன்.

வீரபாகு என் சிநேகிதன். தறி நெய்பவன், கோயிலில் தேவாரம் பாடுபவன். நமக்கு ஒரே அரக்காகத் தெரியும் இரண்டு பட்டு நூலை, வேறு வேறு நாள் சாயம் என்று பிரித்து வைத்துவிடுவான். காதும் அப்படித்தான்.

"இது ச இல்லப்பா. பக்கத்துல வந்து நிக்குது. இதுக்கு வேற பேருதான் வைக்கணும்" என்றான்.

ஐம்பத்து நான்குக்குப் பெயர் வைத்தால் ஐம்பத்தைந்து வரும். அதற்கு முடிவே கிடையாது. என் புத்தகம் குப்பைக்குப் போகும். அவனோ பொய் சொல்லத் தெரியாத மனுஷன், யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிவிடுவான்.

இன்னும் நிதானமாகக் கேட்டுப் பார் என்று தினமும் சாயங்காலம் வரச் சொன்னேன். ஹெட்போன் மாட்டிவிட்டேன். சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினேன், மூன்று மாதம். "காது வலிக்குதுபா" என்றான் ஒருநாள். பழகிவிடும் என்று காபி கொடுத்தேன்.

பிறகு அந்த இரண்டு சுரத்தையும் மறுபடி போட்டேன்.

"ஒண்ணாத்தான் இருக்குது. நான்தான் தப்பா சொல்லிட்டேன்பா" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டான். புத்தகம் வெளிவந்தது.

அவன் பாட்டு சுருதி விலகிப்போய், கோயிலில் இனிப் பாட வேண்டாம் என்றுவிட்டார்கள். அவன் மனைவி மங்கையர்க்கரசி வந்து, "தறி சத்தம் அவரு காதைத் தின்னுடுச்சுண்ணா" என்று அழுதாள். ஆமாம்மா என்றேன்.

பயமெல்லாம் எனக்குத்தான். எதுவும் பிடிபடாத என் காதில் இப்போது அந்த மயிரிழை கேட்கிறது. மின்விசிறியில், ஷேர் ஆட்டோ ஹாரனில், பூஜை மணியில், எல்லாவற்றிலும் அது பக்கத்தில் வந்து நிற்கிறது. காதைப் பொத்தினாலும் போவதில்லை.

ஆனால் அவனுக்குத் துரோகம் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். இரண்டாம் பதிப்பில் ஐம்பத்து நான்காவது சுரத்தைச் சேர்த்து, வீரபாகு என்றே பெயர் வைத்திருக்கிறேன். அவன் சம்மதத்தோடுதான். எதிரே உட்கார்ந்து இரண்டு தரம் சொன்னேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையாட்டினான்.