அழுத்தம் ஏறினால் என்ன செய்வாய்?

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. கரையில் போட்ட டீ என்பது முதல் வாயிலேயே தெரிந்துவிடுகிறது.

எண்ணெய்க் கிணற்றை ஏன் மூடவில்லை என்றுதானே விசாரிக்கிறீர்கள். அதற்கு நான் கல்லூரியிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்களுடையது துணி வியாபாரம். அப்பா எடுத்த எடுப்பில் நல்ல துணியை விரிக்க மாட்டார். சாயம் போவது, நூல் பிரிவது என்று மட்டமானதாகப் பார்த்து விரிப்பார். வந்தவர் முகம் சுளித்து எழுந்திருக்கும் நேரத்தில் சுமாரான ஒன்றை உதறிப் போடுவார். அது பட்டுப்போல மின்னும். பெட்ரோலியப் பொறியியல் வகுப்பில் நான் அந்தச் சுமாரான துணி.

நாங்கள் எட்டுப் பேர். என் அறைத் தோழன் ஏணி, உயரத்தால் வந்த பெயர், படிப்பில் புலி. துளையிடும் பாடம் முழுவதையும் ஒரு பற்பசைக் குழாயை வைத்தே எனக்குப் புரியவைத்தவன். வேலை கிடைத்த பிறகு பெண் கேட்டு வா என்று அவனுடைய காதலியின் அப்பா சொல்லியிருந்தார்.

கடலில் எண்ணெய் எடுக்கும் கம்பெனி ஒன்று இறுதியாண்டில் நேர்காணலுக்கு வந்தது. எத்தனை வேலை என்று யாரும் சொல்லவில்லை. ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டேன். வியாபாரத்தில் அதுதான் பாதுகாப்பு.

அங்கே வேலையில் இருந்த என் அத்தை மகன் போனில் சொன்னான்: "ஒரு கேள்விதான்டா முக்கியம். கிணத்துல அழுத்தம் ஏறுது, மேலதிகாரி வேலையை நிறுத்தாம ஓட்டுங்கிறார், என்ன செய்வேன்னு கேப்பாங்க. யார் சொன்னாலும் கிணத்தை மூடுவேன்னு சொல்லணும். உன் பசங்களுக்கும் சொல்லிடு."

சொன்னேன். கேள்வியை அப்படியே சொன்னேன். பதிலைத்தான் சற்று மாற்றினேன்.

தினமும் மாலையில் எங்கள் அறையில் ஒத்திகை. ஏணிதான் சிரமம் கொடுத்தான்.

"மூடிடுவேன்டா. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"எதிர்த்துப் பேசுறவனை எவன்டா வேலைக்கு வெப்பான்? குழைஞ்சு சொல்லு. 'நீங்க சொன்னா சரிங்க சார்.'"

"டேய், கிணறு வெடிச்சிரும்டா."

"வெடிச்சா கம்பெனி கிணறு. பொண்ணு உன் பொண்ணுடா."

அதோடு மடங்கினான். ஆனாலும் அந்தக் குழைவு அவனுக்கு லேசில் வரவில்லை. நானே நூறு தடவை சொல்லிக் காட்ட வேண்டியிருந்தது.

நேர்காணலன்று, "நீங்க முதல்ல போங்கடா, நான் கடைசியாப் போறேன்" என்றேன். என் பெரிய மனசைப் பாராட்டிவிட்டு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். என் முறை வந்தபோது அதிகாரி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"மூடிடுவேன் சார்" என்றேன்.

எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "எட்டுப் பேரையும் எடுக்கத்தான் வந்தோம், தம்பி. நீ ஒருத்தனாவது தேறினியே."

சற்று வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் விரித்த துணியை மடித்தாகிவிட்டது.

ஏணி இப்போது அடுப்புக் கடையில் வேலை பார்க்கிறான். கேஸ் கசிந்தால் யாரையும் கேட்காமல் குழாயை மூடுங்கள் என்று வாங்க வருபவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லித் தருகிறானாம். அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது.

இனி அன்றைக்கு நடந்தது. துளையிடும்போது வாயுவை அழுத்திப் பிடிக்கக் கிணற்றுக்குள் நாங்கள் விட்ட சேற்றைவிடத் திரும்பி வந்த சேறு அதிகம். அப்படியென்றால் கீழே வாயு தள்ளுகிறது. தெரியும், ஐயா. ஏணி சொல்லிக்கொடுத்ததுதான். மூடும் பொத்தான்மேல் கையும் வைத்துவிட்டேன். பின்னால் நின்ற மேற்பார்வையாளர், "முதலாளி ஹெலிகாப்டர்ல வந்து இறங்குறார். அவர் பாக்கும்போது வேலை நின்னா நல்லாவா இருக்கும்? ஓட்டுப்பா" என்றார்.

வாய் தானாகத் திறந்தது. "நீங்க சொன்னா சரிங்க சார்."

அதே குழைவு. சரியான பதிலை வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறேன். மற்றதில்தான் எனக்குப் பயிற்சி.

சேறு துளையிடும் கோபுரத்துக்கு மேலே எழும்பியது. முதலாளி எது, மேற்பார்வையாளர் எது என்று கழுவிப் பார்த்துத்தான் பிரித்தார்கள். நல்லவேளை தீப்பிடிக்கவில்லை. மேற்பார்வையாளருக்கு இன்னும் காது கேட்கவில்லை என்கிறார்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். பதிலை மாற்றியவன் நான், கிணற்றை மூடாதவனும் நான். கூடவே இதையும் எழுதுங்கள், ஐயா: அன்றைக்கு என் நண்பர்கள் ஏழு பேரும் கரையில் பத்திரமாக இருந்தார்கள். அது யாரால் என்று இதுவரை ஒருவனும் நினைத்துப் பார்க்கவில்லை.