பட்டை மரத்தடி ஈரம்

விடிகாலை மூன்றரை மணி. முதுநகரிலிருந்து கடற்கரைக் குப்பத்துக்குப் போகும் ரோடு. ஆள் கிடையாது, விளக்கு கிடையாது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருத்தி மட்டும் வருகிறாள். கேரியரில் இரண்டு குடம் நல்ல தண்ணீர்... தளக்... தளக்...

அவள், இதோ இங்கே உட்கார்ந்து கேட்கிறானே நம்ம ஜெயசீலன், அவனுடைய சித்தி செல்லாயி. ஜெயசீலா, தப்பாகச் சொன்னால் திருத்து. பயமாக இருந்தால் சிரித்துக்கொள்.

சுனாமிக்கு மறுவருஷம், ஐப்பசி. அவள் புருஷன் பக்கிரியை அலை கொண்டுபோய்ப் பத்து மாசம். உடம்பு கிடைக்கவில்லை.

"அண்ணன் வர மாட்டான், அண்ணி. கருமாதிய செஞ்சிடலாம்," என்று கொழுந்தன் மணிவண்ணன் நச்சரித்தான். கருமாதி என்றால் தாலியைக் கழற்ற வேண்டும்.

கொல்லையில் ஒரு பட்டை மரம். பிரியாணிக்குப் போடுகிறோமே, அந்தப் பட்டை. கொல்லத்துக்கு மீன்பிடித் தொழிலுக்குப் போனபோது பக்கிரி கன்றாகக் கொண்டுவந்து வைத்தது. அலைக்கும் சாயாமல் நின்றது.

"அது பட்டுப் போவட்டும். அப்புறம் கழட்டுறேன்," என்றுவிட்டாள்.

சொல்லியிருக்கக் கூடாது. கிணறு உப்பாகிவிட்டது. பட்டை மரத்துக்கு உப்பு ஆகாது. அதனால்தான் அந்த இருட்டில் தண்ணீர் கொண்டுவந்தாள், பாவம். அப்படியும் இலை ஓரமெல்லாம் கருகியது. தினமும் அவள் வந்து சேரும்போது மரத்தடி ஏற்கெனவே நனைந்திருக்கும். ஒருநாள் மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு... கடல் உப்பு.

மணிவண்ணன் வேலைதான் என்று நினைத்தாள். அன்று தண்ணீருக்குப் போகாமல், மீன் வெட்டும் கத்தியோடு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள்.

முதலில் சேற்று வாடை. பிறகு... சொட்... சொட்...

மரத்தடியில் ஒருவன் குந்தியிருந்தான். இரண்டு விரலால் மண்ணைக் கிளறிவிட்டான். பக்கிரி அப்படித்தான் கிளறுவான். கிளறிவிட்டு, கட்டியிருந்த லுங்கியின் நுனியைப் பிழிந்தான். பிழியப் பிழியத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

"ஊத்தாத மாமா... செத்துடும் மாமா..."

அவன் திரும்பவில்லை. அவனிடம் இருந்த தண்ணீர் அதுதானே.

எட்டாம் நாள் மரம் முழுக்கக் காய்ந்துபோனது. சொன்ன சொல்லுக்காக அவளே தாலியைக் கழற்றிக் கிளையில் மாட்டினாள். அழக்கூடத் தெம்பில்லை. தாழ்ப்பாள் போட்டுப் படுத்துவிட்டாள்.

விடிந்தபோது தாழ்ப்பாள் போட்டது போட்டபடி இருந்தது. தாலி கழுத்தில் கிடந்தது. கயிறெல்லாம் ஈரம். கருமாதிக்காகத் தாலியை அவிழ்க்க வந்த பெண்கள் முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துவிட்டார்கள்...

மூன்றும் வலைக்குப் போடுகிற முடிச்சு.